நூற்றொரு வினாடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று மதியம் அக்கா ஒரு அறிக்கையை அனுப்பி, பிழை திருத்தித் தரச் சொன்னாள். பிழை திருத்துவது என் தொழில். பதிப்பகங்களுக்காக வீட்டிலிருந்தே செய்கிறேன். அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'தாமதத்துக்கான காரணம்: தெரியவில்லை.'

எனக்குத் தெரியும். அந்த வரியைத் தொடாமல், வேறொரு கோப்பைத் திறந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அறிக்கையை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இப்போது மணி மூன்று பத்து.

2

முதல் வரிக்காக முயன்றவை:

'அம்மா விழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை.' (பொய். நான் இருந்தேன்.)

'இருபதாயிரம் கைப்பட்டைகளிலிருந்து தகவல் ஓயாத நதியாக' (அக்கா படித்தால் "எழுத்தாளரே, நதியை விட்டுடுங்க" என்பாள். விட்டுவிட்டேன்.)

'ஒரு பெட்டி செத்தால் இன்னொரு பெட்டி எழும்.' (இது இருக்கட்டும். பின்னால் வேண்டியிருக்கும்.)

3

அக்காவின் வேலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வயதானவர்கள் கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அது இரண்டு வினாடிக்கு ஒருமுறை அவர்களின் அசைவை வீட்டு இணையத்தின் வழியாக அனுப்பும். அக்காவின் குழு கட்டிய அமைப்பு அதை நிமிடம் நிமிடமாகச் சேர்த்துப் பார்க்கும். ஒரு குலுக்கல், அதன்பின் அசைவே இல்லை என்றால் ஆள் விழுந்துவிட்டார் என்று பொருள். உடனே வீட்டுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அழைப்பு போகும்.

"இதை ஒரே மெஷின்ல ஓட்டினா தாங்காதுடா" என்றாள் ஒருநாள், சாப்பாட்டு மேசையில். "நாப்பது கன்டெய்னர்ல, கம்ப்யூட்டருக்குள்ள தனித்தனிப் பெட்டி மாதிரி, பிரிச்சு விட்டிருக்கோம். ஒண்ணு செத்தா இன்னொண்ணு எழுந்து, விட்ட எடத்துலேருந்து புடிச்சுக்கும்."

"செத்தது?"

"செத்தது செத்ததுதான். அதுக்கு யாரு அழறா?"

அம்மா சிரித்தாள். "ஒரு வீட்டை மேய்க்கவே எனக்கு நாக்குத் தள்ளுது. இவ நாப்பது பெட்டிய மேய்க்கிறா. போதாக்குறைக்கு எனக்கும் மாட்டுக்குக் கட்டற மாதிரி ஒண்ணைக் கட்டிவிட்டுட்டா."

தகவல்கள் வரிசையாக வந்து சேர்வதில்லை. சில பிந்தி வரும். அவற்றுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை ஒருவர் முடிவு செய்ய வேண்டும். முன்பு இரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். அத்தனை நேரமும் எல்லாவற்றையும் நினைவில் பிடித்து வைத்ததால் பெட்டிகள் ஊதி ஊதிச் செத்தன. எச்சரிக்கைகளும் பிந்தின. மேலாளர் நச்சரித்தார். அக்கா இரண்டு நிமிடத்தைப் பத்து வினாடி ஆக்கினாள். அதற்கும் பிந்தி வருவதை 'தாமதம்' என்று எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு அமைப்பு தூக்கி எறிந்துவிடும். கண்காணிப்புத் திரையில் சிவப்பாக இருந்த கோடுகளெல்லாம் பச்சையாயின.

4

ஆறு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு இருபது. நான் கதவைச் சாத்திக்கொண்டு பதிப்பாசிரியரோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தேன். காற்புள்ளிகளைப் பற்றித்தான். அவர் முகம் வாயைத் திறந்தபடி உறைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் சகல நோய்க்கும் ஒரே மருந்து, அக்கா கற்றுக்கொடுத்தது: "அணைச்சுப் போடு." போன், டிவி, வாஷிங் மெஷின், எது மக்கர் செய்தாலும் அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான். அவள் பெட்டிகள் செத்து எழுவதால் எதுவும் தொலையாது. அதனால் உலகத்தில் எதை அணைத்துப் போட்டாலும் எதுவும் தொலையாது என்று நாங்கள் இருவருமே நம்பியிருந்தோம். நான் ஹாலுக்குப் போனேன். இணையப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். பத்து எண்ணிவிட்டுச் சொருகினேன். திரும்பி வந்து கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இணையப் பெட்டி எழுந்துகொண்டிருந்த நேரத்தில் குளியலறையில் அம்மா விழுந்தாள்.

கைப்பட்டை அந்தக் குலுக்கலைத் தனக்குள்ளே வைத்திருந்து, இணையம் வந்ததும் அனுப்பியிருக்கிறது. நூற்றொரு வினாடி தாமதம். அந்த நிமிடத்தின் கணக்கு முடிந்துவிட்டது என்று அமைப்பு அதை எறிந்துவிட்டது. நடுவில் தகவல் வராத இடைவெளி அதற்குப் பெரிய விஷயமில்லை, தினமும் நூறு வீட்டில் நடப்பது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நேரத்துக்கு வந்தது: ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார். அந்த நேரத்தில் அம்மா தினமும் தூங்குவாள். தூங்குகிறாள் என்று அமைப்பு நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

[டாக்டர் சொன்னது: "மொதல் ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா…" அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியத்தை முடித்துக்கொடுப்பது என் பிழைப்பு. இதை முடிக்க மாட்டேன்.]

5

அக்காவை எனக்கு எழுத வரவில்லை. எழுதினால் குற்றவாளி ஆகிறாள், இல்லையென்றால் தியாகி ஆகிறாள். நிஜத்தில் அவள் தினமும் அலுவலகம் போகிறாள். பத்து வினாடியை மறுபடி இரண்டு நிமிடமாக்கிவிட்டு, இந்த அறிக்கையைத் தானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கே தவறியது என்று அலசும் இந்த மாதிரி அறிக்கைக்கு அங்கே 'போஸ்ட்மார்ட்டம்' என்று பெயர்.

"அந்தப் பேரையாவது மாத்தச் சொல்லேன்க்கா" என்றேன்.

"எட்டு வருஷமா அப்படித்தான் சொல்றோம்டா. இப்பதான் காதுல விழுது."

அறிக்கையில் ஆளைக் குறிப்பிடக் கூடாது, அமைப்பை மட்டும்தான் சொல்லலாம் என்பது அங்கே விதி. அக்கா எழுதியிருக்கிறாள்: 'பத்து வினாடி என மாற்றியவர்: நான்.' மேலாளர் அந்த வரியை மூன்று முறை நீக்கினார். மூன்று முறையும் திரும்ப எழுதினாள்.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. போன் செய்தால், "ரெண்டு நிமிஷமாவே விட்டிருந்தா அம்மா இருந்திருப்பா இல்ல?" என்று கேட்கிறாள். "உன் தப்பு இல்லக்கா" என்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஆறு வாரமாக மறைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

6

முடிவு ஒன்று. 'தாமதத்துக்கான காரணம்: தம்பி.' பாரம் பாதியாகும் என்று நினைப்பீர்கள். அக்காவை உங்களுக்குத் தெரியாது. அணைத்துப் போடக் கற்றுக்கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொள்வாள். அம்மாவோடு சேர்த்து என்னையும் இழப்பாள்.

முடிவு இரண்டு. பேசாமல் இருந்துவிடுவது. மீதி வாழ்நாள் முழுக்க அவள் தனியாகச் சுமப்பாள். பக்கத்தில் நின்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன்.

முடிவு மூன்று. ஒயரைப் பிடுங்க ஹாலுக்குப் போகிறேன். குளியலறையில் ஏதோ சத்தம் கேட்கிறது. நான் ஓடிப்போய்

(இதைத் தினமும் எழுதுகிறேன். தினமும் நன்றாகவே வருகிறது.)

7

மூன்று ஐம்பத்திரண்டு. அக்கா அழைக்கிறாள். ஒரு கையில் போன், மறுகையால் தட்டச்சு.

"முடிச்சிட்டியாடா?"

"பதினாலு பிழை. திருத்திட்டேன்."

"பதினோராம் பக்கம் பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்த ஒரு வரிதான் உறுத்திக்கிட்டே இருக்கு. நெட் கம்பெனியக் கேட்டுட்டேன். அன்னிக்கு அவங்க பக்கம் எதுவும் அறுந்துபோகலையாம். நம்ம வீட்டுக்கு மட்டும் எப்படிடா போச்சு?"

"அக்கா, அன்னிக்கு நான்

[இங்கே நிற்கிறேன். இது அச்சாகி உங்கள் கைக்கு வந்திருந்தால் நான்கு மணி எப்போதோ போயிருக்கும். வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படி முடித்தாலும் அந்த அறிக்கையில் இனி அதைச் சேர்க்க முடியாது. எனக்கு மட்டும் இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.]

"சொல்லுடா" என்கிறாள். "லைன்லதான் இருக்கேன்."