பதினேழாம் எண் முத்திரை

போன வருடம், தொண்ணூற்றெட்டில், வாங்கிய என் கார் மூன்றாம் முறையாகச் சானமாவுக் காட்டு ரோட்டில் நின்றுபோனது. யானை நடமாடும் இடம். நானும் என் மனைவி தில்ஷாத்தும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஓசூர் சர்வீஸ் சென்டரில் கத்தினேன். "எத்தன வாட்டிய்யா அந்த ஃபியூவல் பம்ப்ப மாத்துவீங்க? வெக்கமா இல்ல?"

"பழசுல கோளாறுன்னு கம்பெனியே எல்லா வண்டியையும் வரச்சொல்லி மாத்துது சார். இது புதுசு," என்று பெட்டியைப் பிரித்தார் மெக்கானிக் ஆஞ்சப்பன்.

பம்ப்பின் அடியில் பதினேழு என்று முத்திரை குத்தியிருந்தது. அதைச் செய்வது நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைதான். சோதித்துப் பாஸ் போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு எண், பதினேழு என்னுடையது. இந்தப் புதுப் பம்ப்புகள், போன மாதம், அழுத்தம் போதவில்லை என்று தெரிந்தும், லாரி நிற்கிறது என்று சூப்பர்வைசர் விரட்டியதால் நான் குத்தி அனுப்பியவை.

"மாட்டட்டுமா சார்?"

"மாட்டுங்க," என்றேன். கத்துவதற்கு எனக்கு ஆளில்லை.