பேக்கரி வரைக்கும் வந்தவர்

தனபால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். ஆனால் உள்ளே போகமாட்டார். மனைவி சாராளை வாசலில் இறக்கிவிட்டு, எதிர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்ததும் வண்டியில் கூட்டிவருவார். இருவரும் வேறு வேறு மதம்; காதல் கல்யாணம் செய்த நாளிலிருந்து இப்படித்தான். கணபதி ஏரியாவில் எங்கள் வீதியே இதைப் பேசித் தீர்த்துவிட்டது. பெரும்பாலும் நான்தான் பேசினேன்.

சாராளுக்கு ஒரே ஆசை. ஒருநாளாவது அவர் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார வேண்டும்.

"கூப்புட வேண்டியதுதான அம்மணி?" என்றேன், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் பக்கத்து வீடான அவள் வீட்டுக்குள் போய்.

"மாட்டனுங்க்கா. புருசன வாயால இழுக்காதே, நடத்தையால காட்டுன்னு அப்போஸ்தலர் நிருபத்துல எழுதியிருக்காருங்க. எனக்கு ஆசைன்னு நீங்களும் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நிருபம் என்றால் கடிதமாம். அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த விசுவாசிகளுக்கு எழுதியது. எழுதியவருக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது. சொந்த மாமன் வீட்டுக் கல்யாணமானாலும் நேரில் வந்து கூப்பிடாவிட்டால் நாங்கள் படியேற மாட்டோம்.

அடுத்த நாள் தனபாலைப் பிடித்தேன். "ஏனுங் தம்பி, உள்ள போனா சாமி கண்ணைக் குத்துமா?"

"அவ ஒரு வார்த்த கூப்புட்டதில்லீங்களேக்கா. கூப்புடாத எடத்துக்கு எப்படீங் போறது? நான் வாரது அவளுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுங்க."

சொல்லும்போதே முகம் வாடிவிட்டது. பாருங்கள், அவள் பக்தியாக வாயை மூடிக்கொண்டிருக்க, இவர் மரியாதையாகப் பன் தின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்கோ நாக்கு அரிக்கிறது. வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டேனே.

சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் சபையில் வாசிக்க வேண்டியதைச் சாராள் சத்தமாகப் படித்துப் பழகினாள். நான் டிவியை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றேன். செடிக்குத் தண்ணீர் விட வேண்டாமா? அதே நிருபம்தான். உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று யாராவது கேட்டால், சாந்தமாகப் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்று வந்தது.

அடடா, கேட்டால் சொல்லலாமாம்!

தனபால் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"தம்பி, அவ கூப்புடறதுக்குக் காத்திருக்காதீங்க. நீங்க கேளுங்க."

"என்னன்னுங்க்கா கேக்கறது?"

"உள்ள அப்படி என்னதான் இருக்குதுன்னு கேளுங்க. போங்க சாமி, போங்க."

போனார். கேட்டார். வாசிப்பு நின்றது. இந்தக் கேள்விக்குப் பதிலை அவள் எப்போதோ தயார் செய்துவிட்டாள். என்னிடமே ஒத்திகை பார்த்திருக்கிறாள். நம்பிக்கை, பொறுமை, உயிர்த்தெழுதல் என்று ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் நிறுத்தமாட்டாள். அன்றைக்கோ மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

பிறகு, "வாங்க" என்றாள். "நாளைக்கு எங்கூட உள்ள வாங்க."

மறுநாள் நானும் போனேன், பேக்கரிக்கு. தனபாலின் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து ஒரு தேங்காய் பன் சொன்னேன். இவ்வளவு வருஷம் இதைத் தின்றதற்கே அவருக்குப் பொறுமைசாலி என்று பட்டம் தரலாம்.

ஆராதனை முடிந்து இருவரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். சாராள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, இவ்வளவு தூரம் வந்துபோட்டு உள்ள வராம உக்காந்திருக்கீங்க?"

"என்னைய யாரு அம்மணி கூப்புட்டா?" என்றேன்.