பேராசிரியர் சர்மெண்டுவின் பாதங்கள்

புனித யோவான் திருநாளன்று, தெருவில் மத்தி சுட்ட அடுப்பிலிருந்து சிதறிய தணலைச் சுல்மிரா மிதித்தாள். அலறியவர், போர்ட்டோ நகரத்தில் தன் வீட்டு மேசையில் ஆட்டுக்குட்டி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் லியோபோல்டு சர்மெண்டு. இது 1983இல் நடந்தது. அந்த வருடம் மத்தி நல்ல விலைக்குப் போனது.

சுல்மிராவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கருகல் வாடை வந்ததும் மீன்தான் தீய்கிறது என்று திருப்பிப் போட்டாள். அவள் குதிகால் கருகுவதைப் பார்த்தவன் அண்ணன் அபீலியு. எங்கள் ஊர் சாந்தா ருஃபீனாவின் மீனவக் குடும்பங்கள் சிலவற்றில் முப்பது வயதை ஒட்டிக் கால் மரத்துப்போகும். முதலில் சூடும் குளிரும் தெரியாது, பிறகு வலி தெரியாது, பிறகு வயிறும் இதயமும் கெடும், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆளே போய்விடுவார். நாங்கள் இதைக் கால் நோய் என்போம். பேராசிரியர் அமிலாய்டோசிஸ் என்பார். கல்லீரல் கோணலாகச் செய்யும் ஒரு புரதம் நரம்புகளில் மெழுகுபோலப் படிகிறதாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் நன்றாகவே பிழைத்தார். செவ்வாய்க்கிழமைகளில் காரில் வருவார், பின்னால் வெள்ளைக் கோட்டு மாணவர்கள் வருவார்கள். மீன் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவமனையில், மூக்கில் கைக்குட்டையோடு, ஒவ்வொரு காலாக ஊசியால் குத்தி "உணருதா?" என்பார். இல்லை என்று சொன்னால் முகம் மலரும். கணுக்காலில் கீறி நரம்புத் துண்டு எடுத்துக்கொள்வார். எங்கள் நரம்புகள் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டப்பட்டு, ஜப்பானையும் ஸ்வீடனையும் பார்த்தன. அவர் பெயரில் ஒரு மண்டபம்கூடத் திறந்தார்கள். செருப்பை உதறிவிட்டுப் போடு என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்குப் பேராசிரியர் பட்டம் தேவைப்படாது, அதனால் இருக்கலாம்.

தணலை மிதித்த அடுத்த செவ்வாய் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். சுல்மிராவின் கால் கட்டைவிரலில் ஊசியை இறக்கியவர் தானே துள்ளிக் குதித்தார். விஞ்ஞானி அல்லவா, இன்னொரு முறை குத்திப் பார்த்து, இன்னொரு முறை குதித்தார். சுல்மிரா மீன் விற்கிறவள், விலையைக் கண்ணைப் பார்த்தே படிப்பவள். அவர் கையிலிருந்து ஊசியை வாங்கி, அவர் முகத்தைப் பார்த்தபடியே தன் கால் சுண்டுவிரலில் குத்திக்கொண்டாள்.

"உணருதா டாக்டரே?"

மாணவர்கள் கூரையைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: அவர் ஊசி பட்ட கால்களெல்லாம் இழந்த வலி அவர் கால்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களை உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த சில மாதங்கள் நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. கால் மரத்தவர்கள் மதுக்கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்து, சிப்பி ஓட்டின் மேல் பாதத்தை அழுத்தி, "இந்நேரம் ஐயா சூப்பு குடிச்சிட்டிருப்பாரு, கொஞ்சம் உப்புப் போடுவோம்" என்று சிரித்தார்கள். பேராசிரியர் தன் சக நிபுணர்களிடம் ஓடினார். அவர்கள் அவருடைய கணுக்காலிலேயே கீறி நரம்பை எடுத்தார்கள், ஒன்றும் படியவில்லை என்றார்கள், மனநோய் என்று எழுதி, அவரைப் பெயர் சொல்லாமல் ஒரு கட்டுரையில் போட்டுவிட்டு, அவர் பதவிக்கு அவர்களிலேயே மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

அந்த மார்கழிக் குளிரில் ஒரு நாள் அவர் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தவள், மருந்து வாங்க வந்திருந்த சுல்மிரா.

"இடது கால். உள்ளங்கால்ல ஆணி. முந்தாநேத்துலேர்ந்து உள்ள இறங்கிட்டே இருக்கு. யாரோ பூட்ஸக் கழட்டாம இருக்காங்க. பாருங்க, தயவுசெஞ்சு ஒவ்வொருத்தரையும் பாருங்க."

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"நல்லா வலிக்கட்டும்" என்று அவள் வைத்துவிட்டாள்.

ஆணி, கடலுக்குப் போயிருந்த அபீலியுவின் பூட்ஸில் இருந்தது; அவனுக்கும் கால் மரத்திருந்தது. படகு கரைக்கு வந்தபோது கால் முழங்கால் வரை கறுத்திருந்தது. காலை எடுத்தும் அவன் பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த பேராசிரியர் கல்லறை வாசலிலேயே நின்றார். சுல்மிரா அவர் அருகில் போனாள். கன்னத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்து நாங்கள் நெருங்கி நின்றோம்.

"எங்க அண்ணன் கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டானா?" என்று கேட்டாள்.

"காலு ரொம்ப வலிச்சுது. முந்தாநாள் நின்னுருச்சு."

"அவனுக்கு எதுவும் தெரியல. சிரிச்சுட்டே இருந்தான்." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "அவ்வளவு தூரத்துல உக்காந்துட்டு போன் பண்ணா எவன் கேப்பான்? இங்க வந்து இரும்."

வந்தார். மனம் திருந்தி வந்தார் என்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். பாதிரியாருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி ஏதாவது சொல்லியாக வேண்டும். பேராசிரியர் வந்தது தன் காலைக் காப்பாற்றிக்கொள்ள. விடிந்ததும் வீடு வீடாகப் போய்ச் செருப்புகளை உதறுவார், குளிக்கும் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பார், அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டியவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். இரண்டு வருடத்தில் எல்லோருடைய பெயரும் அவருக்குப் பாடமாகிவிட்டது, ஏனென்றால் பெயர் தெரியாமல் திட்ட முடியாது. "ஹெர்மீனியா, உன் வலது காலு! கல்லு! எடுடீ!" என்று அவர் தெருமுனையிலிருந்து கத்த, அவள் கழற்றிப் பார்த்தால் கல் இருக்கும். அபீலியுவுக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் காலை இழக்கவில்லை. போர்ட்டோ நிபுணர்கள் இதற்குக் காரணம் புதிய களிம்பு என்று அறிவித்தார்கள்.

பிறகு கல்லீரலை மாற்றும் அறுவை வந்தது. மாற்றினால் நோய் மேலே ஏறாமல் நிற்கும் என்றார்கள். இளையவர்களைப் பேராசிரியரே தலைநகருக்கு அழைத்துப்போய் வரிசையில் முன்னே தள்ளினார். அதற்காகப் பழைய நண்பர்களின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கேள்வி. அந்த நண்பர்கள் அவரை நிற்கத்தான் வைத்தார்கள். சுல்மிராவின் முறை வந்தபோது அவள் இதயம் கெட்டிருந்தது. முடியாது என்று அவளிடம் சொல்ல வேறு யாருக்கும் வாய் வரவில்லை, அவர்தான் சொன்னார். அவள் அவரைத் திட்டினாள், அவரும் திருப்பித் திட்டினார், இருவரும் அன்று சாயங்காலம் வரை அந்த வீட்டில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

1994 செப்டம்பரில் அவள் கடலில் கால் வைக்க வேண்டும் என்றாள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீர் கணுக்கால் வரை வந்தது; அவளுக்கு மரத்துண்டை நனைத்தது போலத்தான். பேராசிரியர் நனையாத பூட்ஸோடு தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன டாக்டரே, சொல்லுமே."

"குளிருது" என்றார். "எலும்பு வரைக்கும். இப்ப அலை திரும்புது, கால் அடியிலேர்ந்து மண்ணு நழுவுது. குறுகுறுங்குது. ஏதோ சின்னதா ஒண்ணு விரலிடுக்குல ஓடுது... நண்டுக் குஞ்சா இருக்கணும்."

சுல்மிரா குனிந்து பார்த்தாள். நண்டுக் குஞ்சுதான். அது கரையேறும்வரை காலை அசைக்காமல் வைத்திருந்தாள். பாறைமேல் பேராசிரியர், கூச்சம் தாங்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.