சிவசுப்பிரமணியத்தின் அப்ரூவல் சாம்பிள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவமனை வரிசையில் கிடைத்தது. சர்க்கரை பார்க்க வந்தவர்களிடம், எலும்பில் சுரக்கும் ஒரு ஹார்மோனை ஆராய்கிறோம், கொஞ்சம் ரத்தம் கூடுதலாகத் தருவீர்களா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எலும்புக்கு எதற்கு ஹார்மோன் என்றேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது குறைகிறது போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்லத்தான் ஆராய்ச்சி என்றார்கள். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இப்படி ஆரம்பித்தேன்:

எலும்புக்கும் ஒரு மொழி உண்டு, அந்த மொழியை...

(அடித்துவிட்டேன். எழுதிய எனக்கே கூச்சமாக இருந்தது.)

2

நேராக ஆளுக்கு வருகிறேன். சிவசுப்பிரமணியம், ஐம்பத்திரண்டு வயது, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் இன்சார்ஜ். ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய முதல் பீஸ் அவர் கையால்தான் போகும். நல்ல துணி, நல்ல டெய்லர், ஒரு பிசிறு இருக்காது. அப்புறம் கப்பலேறும் ஐம்பதாயிரம் பீஸ் எப்படி இருக்கும் என்பது வேறு சங்கதி.

இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. நீலத்துக்கும் கறுப்புக்கும் தடுமாறுகிறார். சர்க்கரை முந்நூறில் நிற்கிறது. இந்த நிலையில் கத்தி வைத்தால் கிருமி தொற்றிக் கண்ணே போய்விடலாம் என்று டாக்டர் ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார். அடுத்த மாதத்துக்குள் கண் சரியாகாவிட்டால் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வேல்குமாரை அந்த நாற்காலியில் உட்காரவைப்பதாக முதலாளி மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

மனுஷன் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், காலையில் நடந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவரோ தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் யாசினிடம், எட்டாவது படிக்கும் மகள் மைதிலியின் கையைக் காட்டினார்.

"சாம்பிள்னா நல்ல பீஸ்லதானுங்க எடுக்கோணும்."

3

இங்கே கதை நின்றுவிட்டது. யாசின் சம்மதிக்கவில்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் பெட்டியை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். அவர் போய்விட்டால் எனக்குக் கதை ஏது? அவர் மனைவி ஷாஹிதாவுக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததே சிவசுப்பிரமணியம்தான் என்று ஒரு வரி சேர்த்தேன். நான்காம் தடவை யாசின் ஊசியை எடுத்தார். நல்ல மனிதரைக் கெடுத்தவன் நான்தான்.

மைதிலியை நான் கெடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்குப் பார்வை வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். சந்தோஷமாகக் கையை நீட்டினாள்.

4

சர்க்கரை எண்பத்தாறு என்று வந்தது. மூன்று மாதச் சராசரியும் சுத்தம். டாக்டர் கைகுலுக்கி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

ஆனால் சிவசுப்பிரமணியமும் என்னைப் போலவே ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதே ரத்தத்தில் கொஞ்சம் அங்கேயும் போனது. ஆராய்ச்சி டாக்டர் அன்புசெல்வி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பு ஹார்மோன் மற்றவர்களைவிட ஐந்தாறு மடங்கு. மளமளவென்று உயரும் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அவ்வளவு இருக்கும். சிவசுப்பிரமணியம் ஐம்பத்திரண்டு வயதில் வளர்ந்துகொண்டிருந்தார்.

(சர்க்கரையை மறைக்கலாம், வயதை... வேண்டாம். இதுவும் அந்த முதல் வாக்கியம் மாதிரியே போகிறது.)

5

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் அடித்தது. திரையில் இருப்பது யார் பெயரென்று தெரியாமல் சிவசுப்பிரமணியம் அதை மகளிடம் நீட்டினார். அன்புசெல்வி எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துச் சொன்னார். கண் போய்விடலாம் என்பதையும் சொன்னார்.

"பயப்படாம சொல்லு கண்ணு. அந்த ரத்தம் யாரோடது?"

மைதிலி அப்பாவைப் பார்த்தாள். நாளைக்குப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புச் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, இது நீலந்தானே?"

அப்பாவோடதுங்க என்று அவள் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். ஆபரேஷன் ஆன ஆறாவது நாள், சீழ் வைத்த கண்ணின் கட்டைப் பிரிக்கும் இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. என்னோடதுங்க என்று சொல்வதாக இன்னொன்று. அதில் வேல்குமார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சிவசுப்பிரமணியம் மகளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ரத்தம் வாங்கியாயிற்று. பதிலையும் அவளிடமே வாங்க எனக்கு மனசு வரவில்லை. தயவுசெய்து அந்தப் போனை அவள் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் இன்னும் லைனில்தான் இருக்கிறார்.