கட்டுக்கம்பி போட்ட கால்பட்டை

என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் எதைக் கட்டினாலும் ஒரு சுற்று கூடுதலாகத்தான் கட்டுவார். திராட்சைப் பந்தல் போட்டுப் பழகிய கை. மார்க்கையன்கோட்டையில் பாதிப் பந்தல்கள் காற்றில் சாய்ந்த வருடம் எங்கள் பந்தல் மட்டும் அசையாமல் நின்றது. அதைச் சொல்லிச் சொல்லியே மனுஷன் என் உயிரை வாங்குவார்.

எங்கள் மகள் பெனிஷா ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில் ஒரு விளையாட்டு கற்றுக்கொண்டிருக்கிறாள். பெரிய பட்டம் காற்றில் இழுக்கும். இவள் ஒரு பலகையில் நின்றபடி தண்ணீர் மேல் போவாள். பி.காம். படித்த பிள்ளைக்கு இந்த வினை எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை. அடுத்த வாரம் பயிற்சியாளர் தேர்வு. தேறினால் அங்கேயே வேலை. லீவில் வந்தவள் புதுப் பலகை ஒன்றையும் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை தோட்டத்தில் உட்கார்ந்து அதற்குக் கால்பட்டை மாட்டினாள். பாதம் வைக்க இரண்டு மெத்தைகள். தன் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்து, விரல்கள் சற்று வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி, போல்ட்டை முடுக்கினாள். பாதத்துக்கு மேலே ஒரு பட்டை. பள்ளிக்கூடப் பையில் இருக்குமே, சர்ரென்று பிரித்து ஒட்டுவது, அந்த மாதிரி. முடுக்கிக்கொண்டே, போன மாதம் விழுந்தபோது பலகை காலைவிட்டுப் போய்விட்டது, நீந்தித்தான் கரைக்கு வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் நானும் அவளும் பூசை முடிந்து வந்தோம். பட்டைகள் இரண்டிலும் பந்தலுக்குப் போடுகிற கட்டுக்கம்பி. அவள் செருப்பை அளவு வைத்து, குறடால் முறுக்கிவிட்டிருந்தார்.

"இனிமே பேய்க்காத்து அடிச்சாலும் கழலாது."

"கழலணும்ப்பா. விழுந்தா காலு தானா வெளிய வரணும்."

"வந்துட்டா நடுக்கடல்ல எதைப் பிடிப்ப?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. "அப்பா சொல்றதக் கேளுடி" என்றேன்.

"காலு மாட்டிக்கிட்டா முட்டி திருகிரும்மா. தலைய மேல தூக்க முடியாது."

"என்னத்த தூக்க முடியாது? நான் காட்டுறேன் பாரு" என்று அவர் கம்பியைப் பிரித்தார். சொட்டுநீர்ப் பாசனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, தன் இரண்டு காலையும் நுழைத்து, மறுபடியும் முறுக்கிக்கொண்டார். பெனிஷா தோளைப் பிடித்தாள். "விடு ஆத்தா, நெஞ்சளவு தண்ணிதான" என்று அவள் கையைத் தட்டிவிட்டு உள்ளே இறங்கினார்.

பலகை மிதந்தது. கால்கள் அதோடு மேலே போயின. தலை கீழே போனது. கை இரண்டும் தண்ணீரை அடித்தன. தரை இருந்தும் ஊன்றக் கால் இல்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் என் புருஷன் முங்கிக்கொண்டிருக்கிறார், நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். பெனிஷா குதித்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள். "அம்மா, குறடு" என்றாள். நானும் இறங்கினேன். தண்ணீருக்குள் கம்பி குறடில் சிக்கவில்லை. பாவி மனுஷன் இதையும் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டிருந்தார். எப்படி வெட்டினேனோ, மாதாவுக்குத்தான் தெரியும்.

மேலே ஏறி வெகுநேரம் இருமினார். பிறகு பலகையை இழுத்து, மிச்சக் கம்பியை ஒவ்வொரு துண்டாக அவரே பிடுங்கிப் போட்டார்.

"நீயே மாட்டு" என்றார் மகளிடம்.

அவள் பட்டையைத் தன் காலுக்கு ஒட்டினாள். தரையில் மல்லாந்து படுத்து, பலகை மாட்டிய கால்களை என் பக்கம் நீட்டினாள்.

"இழு கிளாரா" என்றார் அவர். இழுத்தேன். வரவில்லை. "இன்னும் கொஞ்சம் தளத்து ஆத்தா." தளர்த்தினாள். "இப்ப இழு."

கால்கள் உருவிக்கொண்டு வந்தன. பலகையோடு நான் பின்னால் போய் விழுந்தேன்.

அவர் மகள் பக்கத்தில் குத்தவைத்து, அவள் பாதத்து மண்ணைத் தட்டிவிட்டார். "விழுந்தா பலகைய விட்ரு. போனாப் போகுது. நீ வந்துரு."

அவள் போக வேண்டாம் என்றுதான் எனக்கு அப்போதும் இருந்தது. ஈரச் சேலையோடு அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.