மூன்றாவது பேரிங்கின் இடைவெளி

மூன்றாவது பேரிங் மறுபடியும் இறுக்கம்தான் காட்டியது.

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு கார் ஷெட்டின் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். போட்டுக்கொண்டு பார்த்தேன். பேரிங் தகட்டில் நசுங்கி ஒட்டியிருந்த மெழுகு இழை எப்படிப் பார்த்தாலும் அதே அகலத்தில் கிடந்தது. காலையிலிருந்து இதே வேலைதான். ஒன்று சரி, இரண்டு சரி, நான்கு சரி. மூன்று மட்டும் அடம்.

மாருதி எண்ணூறின் இன்ஜின் சின்னது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பழைய சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். உள்ளே கிராங்க் தண்டு நான்கு இடங்களில் படுத்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அதற்குக் கீழே ஓர் அரைவட்டத் தகடு, மேலே இன்னொன்று, அதையும் அணைத்து போல்ட் போட்டு இறுக்கும் மூடி. தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் எண்ணெய் ஓட இடம் வேண்டும். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லாத இடம். அது குறைந்தால் தண்டு சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் இன்ஜின் தட்டும். கண்ணால் அளக்க முடியாது என்பதால், துடைத்த தண்டின்மேல் ஒரு மெழுகு இழையை வைத்து, மூடியைப் போட்டு, சொன்ன அளவுக்கு இறுக்கி, தண்டைத் துளியும் அசைக்காமல் திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும். இழை எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ, இடைவெளி அவ்வளவு குறைவு.

"என்னா ரஞ்சனி, போஸ்ட்மார்ட்டம் இன்னும் முடியலையா?"

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு பவுலினின் தலை தெரிந்தது. சர்ச்சுக்குக் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை.

"முடியலை."

"எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, இந்த நேரத்துக்கு ஜப்பான்காரன் புது காரே செஞ்சு அனுப்பிச்சிருப்பானாம்."

"அவரை வந்து இந்த போல்ட்டைப் புடிச்சுக்கச் சொல்லு."

"அய்யே, அவரு பல்பு மாட்டறதுக்கே ஆள கூப்புடறவரு." சிரித்துக்கொண்டே போனாள். போகிறபோக்கில், "சாயங்காலம் தினேஷ் வர்றானாமே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதுவும் சுவர் தாண்டிப் போயிருக்கிறது.

தினேஷ் ஜீவனஹள்ளியில் மெக்கானிக். போன வாரம் சாப்பிட உட்காரும்போது என் கணவர் கஸ்தூரிரங்கன், தயிர்ப் பாத்திரத்தை நகர்த்தச் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. ஆகலைன்னா தினேஷ் டெம்போ கொண்டு வந்து எடுத்துண்டு போகட்டும். அலுத்துப் போச்சு எனக்கு." சரி என்று சொல்லிவிட்டேன். வீம்பு. தினேஷ் மோசமான மெக்கானிக் இல்லை. நல்ல மெக்கானிக். அதுதான் என் கஷ்டம். அவன் இதை எடுத்துப்போய் முடித்துத் தந்துவிடுவான். அதற்குப் பிறகு, வண்டியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் கஸ்தூரி சொல்வார்: "மொதல்லயே குடுத்திருக்கலாம்." கோபமாகச் சொல்ல மாட்டார். கோபமாகச் சொன்னால் பதில் சொல்லலாம்.

பொம்மசந்திராவில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கும்வரை நான் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருந்தேன். மற்றவர்கள் கடைந்ததை, துளையிட்டதை, தேய்த்ததை அளப்பேன். சரி என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. சிவப்பு முத்திரையை ஒருநாளும் தயங்கிக் குத்தியதில்லை. எதிரில் நிற்பவனின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாகவும் நினைவில்லை. ஆனால் அத்தனை வருடங்களில் ஒரு பம்பைக்கூட நான் என் கையால் பொருத்தியதில்லை. அளந்தேன், ஒதுக்கினேன், வீட்டுக்கு வந்தேன். வண்டியின் இன்ஜின் புகைவிட்டு நின்றபோது, இதை நானே திறப்பேன், நானே மூடுவேன் என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். யாரிடமும் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்.

இப்போது என் மேசையில் என் வேலையே சிவப்பு வாங்கிக்கொண்டு கிடக்கிறது.

யார்மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். முதலில் தண்டைத் தேய்த்துக் கொடுத்த பட்டறைமேல். மைக்ரோமீட்டரை வைத்துத் திரும்ப அளந்தேன். தண்டு நான்கு இடத்திலும் ஒரே அளவு. அடுத்து மெழுகு இழைமேல். மற்ற மூன்று இடங்களில் ஒழுங்காக நசுங்குகிற இழைக்கு இங்கே மட்டும் என்ன விரோதம்? அடுத்து, இறுக்குகிற நேரம் பார்த்து உள்ளிருந்து "காபி ஆறிண்டிருக்கு" என்று குரல் கொடுக்கும் மனிதர்மேல். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆனால் அளவு மாறவில்லை.

மிச்சம் இருந்தது தகட்டுக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் இடம். அதை நான் திறந்தே பார்க்கவில்லை. ஏனென்றால் அதைச் செய்தது நான்.

நவராத்திரிக்கு நடுவில் தங்கை பெண்ணின் பிரசவத்துக்குச் சென்னை போக வேண்டியிருந்தது. போவதற்கு முன்னால் மூடிகளை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, துணியில் நூல்கூட ஒட்டாமல் துடைத்து, ஒன்றோடொன்று கலந்துபோகக் கூடாதே என்று அந்தந்தத் தகட்டை அந்தந்த மூடியிலேயே பொருத்தி, பட்டர் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டுப் போனேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. அதைப் போய்ச் சந்தேகப்படுவதா? இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு வந்து நின்றவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்: "மேடம், நான் பண்ணினது, தப்பாகாது." அப்போது எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும்!

கட்டைவிரலால் தகட்டின் ஓரத்தை அழுத்தித் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வரவில்லை. எதிலோ ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை தள்ளியதும் பொருக்கு உதிரும் சத்தத்தோடு கழன்றது.

மூடியின் குழிவில், நட்டநடுவில், காய்ந்து தட்டையாக நசுங்கிய சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

தகட்டின் முதுகிலும் அதே பொட்டு, அச்சு எடுத்ததுபோல.

 சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து நான் செலவழித்த மெழுகு, முதுகுவலி, அந்தப் பட்டறைக்காரனை மனதுக்குள் திட்டிய திட்டு எல்லாம் சேர்ந்து கத்தலாக வெளியே வந்தது.

"ஏன்னா! இங்க வாங்கோ!"

"காபி ஆறிடுத்து, வேற போடணும்."

"காபி வேண்டாம். நீங்க வாங்கோ."

கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வந்தார். மூடியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். பேப்பரை மடித்தார். மறுபடி ஒருமுறை மடித்தார்.

"என்னது இது?" என்றார்.

"என்னையா கேக்கறேள்?"

"எனக்கென்ன தெரியும், உன் இன்ஜின்."

"சந்தனம். ஆத்துல சந்தனம் அரைக்கறது யாரு?"

பேப்பரைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். பிறகு, ஆபீசில் பைல் தொலைந்துபோனபோதெல்லாம் இப்படித்தான் பேசியிருப்பார் என்று தோன்றும் குரலில் ஆரம்பித்தார். "ஆயுத பூஜை அன்னிக்கு நீ ஊர்ல இல்லை. எல்லாத்துக்கும் வெச்சேன். மிக்ஸி, ஸ்கூட்டர், அருவாமணை. இது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?"

"வெளில வெக்கறதுதானே? இன்ஜின் பிளாக் அத்தனை பெரிசா நிக்கறது, கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சது. வெளில வெச்சா நீ வந்து பாப்பே. பாத்துட்டுச் சிரிப்பே. 'ஓடாத இன்ஜினுக்குப் பொட்டு வேறயா'ன்னு கேப்பே." மூடியைக் காட்டினார். "அதான் தெரியாத எடத்துல வெச்சேன்."

"அதுக்குன்னு இந்த எடமா? ஊர்ல இருக்கற எல்லா எடத்தையும் விட்டுட்டு?"

"சும்மா எடுத்துப் பாத்தேன். அந்தத் தகடு கையோட வந்துடுத்து. கீழ இடம் பளபளன்னு சுத்தமா இருந்தது. வெச்சுட்டுத் திரும்ப உக்கார வெச்சுட்டேன். சரியாத்தான் வெச்சேன், அந்த நாக்கு பள்ளத்துல உக்காரணுமோன்னோ, அது உக்காந்துதான்னு பாத்துட்டுத்தான்..."

நாக்கா? இவருக்கு எப்படித் தெரியும்?

தகட்டின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு நாக்கு உண்டு. அது மூடியில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். இந்த வீட்டில் அதை யாருக்கும் நான் சொல்லித் தந்ததில்லை. சென்னைக்குக் கிளம்பும் முன்னால், நாலு மூடிக்கும் அதைப் பொருத்தியபோது இவர் ஷெட் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது தலை நிமிர்ந்ததாக எனக்குத் தெரியாது. "இரும்பு நாத்தம்" என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் எவ்வளவு நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? இத்தனை மாதமாக, தனியாக இருக்கிறேன் என்று நினைத்து நான் செய்த வேலைக்கெல்லாம் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்கிறார். எனக்கு நெகிழ்ச்சி வந்திருக்கலாம். ஸ்பானரை எடுத்து எறியலாம் போலத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர்தானா தினேஷைக் கூப்பிட்டது?

"தினேஷை எதுக்குக் கூப்ட்டேள்?"

"நீதான் ராத்திரியெல்லாம் தூங்காம புரண்டுண்டிருக்கியே."

தூங்காதது வேறு இவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் குழிவைத் துடைத்தேன். தகட்டின் முதுகைத் துடைத்தேன். சந்தனம் இவ்வளவு கெட்டியாக ஒட்டும் என்று எனக்குத் தெரியாது. நகத்தால் சுரண்ட முடியாது, கீறல் விழும். துணியை மாற்றி மாற்றித் துடைத்தேன். அவர் போகவில்லை. "நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றார். "தொடாதேங்கோ" என்றேன்.

மெழுகு இழையில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டுதான் பாக்கி இருந்தது. அதைத் தண்டின்மேல் வைத்தேன். மூடியைப் போட்டேன். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, சொன்ன அளவு வந்ததென்று டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்வரை இறுக்கினேன். காபி பற்றி யாரும் பேசவில்லை. அதே வரிசையில் தளர்த்திக் கழற்றும்போது வெளியே டெம்போவின் ஹார்ன் அடித்தது.

"வந்துட்டான்" என்றார் கஸ்தூரி.

"இருங்கோ."

மூடியைத் திருப்பினேன். இழை நசுங்கியிருந்தது, மெல்லியதாக. இழையோடு வந்த, பல அகலங்களில் கோடுகள் அச்சடித்த காகித அளவுகோலை எடுத்தேன். எடுத்ததும் ஒரு பிடிவாதம் வந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க படிங்கோ."

"எனக்கு இதெல்லாம்..."

"நாக்கு தெரியறது, பள்ளம் தெரியறது, இது தெரியாதா? எந்தக் கோட்டோட சரியா பொருந்தறதுன்னு சொல்லுங்கோ."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஹார்ன் இன்னொரு தடவை அடித்தது. ஒரு கோட்டை வைத்துப் பார்த்தார், அடுத்ததை வைத்தார், திரும்ப முதலாவதற்கே வந்தார். என் மேசைக்கு எதிரில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

"இது" என்று விரலை வைத்தார். "மத்ததெல்லாம் எதுல இருந்தது?"

"அதுலதான்."

அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு, வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டுக்குப் போனார். அவர் குரல் கன்னடமும் தமிழுமாகத் தெரு முழுக்கக் கேட்டது. "பேடப்பா தினேஷ், வேண்டாம். சரியாயிடுத்து. மூணாவது பேரிங்ல சின்ன ப்ராப்ளம் இருந்தது, கண்டுபிடிச்சுட்டோம்."

"இன்னா ப்ராப்ளம் சார்?"

"உள்ள கொஞ்சம் அழுக்கு."

அழுக்காம்! "கண்டுபிடிச்சுட்டோம்" வேறு. சுவருக்கு மேலே பவுலினின் தலை எழுந்தது. அவளுக்கும் இதே கதை இன்னும் விரிவாகக் கிடைக்கப்போகிறது.

நசுங்கிய மெழுகை எண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்தேன். தகடுகளில் தாராளமாக எண்ணெய் விட்டு, நான்கு மூடிகளையும் கடைசி முறையாகப் போட்டு இறுக்கினேன். தண்டின் முனையைப் பிடித்துத் திருப்பினேன். எங்கும் பிடிக்காமல், சத்தமில்லாமல் சுற்றியது. நிறுத்தி, மறுபக்கம் திருப்பினேன். சுற்றியது.

வாசல் கேட்டின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. "ரஞ்சனி, மூடி முடிச்சுட்டியா? ஒரு நிமிஷம் இரு, வரேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் நேராகப் பூஜை அறைப் பக்கம் போனார்.

ஸ்பானரைப் போட்டுவிட்டு, கையில் எண்ணெயோடு, அவருக்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட உள்ளே ஓடினேன்.