ஆளில்லாத ஏணி

"ஒரு ஆள் மரத்துல இருந்து ஆப்பிள் பறிக்கிற மாதிரி வரைங்க. அழகா இருக்கணும்னு இல்ல," என்று மனநல ஆலோசகர் டெரேசா வண்ணப் பென்சில் டப்பாவை நகர்த்தினாள்.

வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவின் வெனாச்சி பள்ளத்தாக்கில் தலைமுடி நரைக்கும்வரை ஆப்பிள் தோட்டத்திலேயே கிடந்த மனிதரிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது! மனைவி நோரீனின் நச்சரிப்பு தாங்காமல்தான் வந்திருந்தார். தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, நாயைக்கூடக் கொஞ்சுவதில்லை என்பது அவள் புகார். ஒன்றுமில்லை என்று பெயர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. டப்பாவில் இத்தனை நிறமிருக்க, பழுப்பை மட்டும் எடுத்து வரைந்து நீட்டினார்.

"மரம் மொட்டையா இருக்கே?"

"பிப்ரவரி மாசம்மா. கிளையை வெட்டிக் கவாத்து பண்ணின மரம் பின்ன எப்படி இருக்கும்?"

"ஆப்பிள்?"

"எப்பவோ பறிச்சாச்சு. நீங்கதான் கடையில வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கீங்க."

டெரேசாவும் சிரித்துவிட்டாள். தப்பித்தாயிற்று. ஆனால் வெண்டலுக்கு ஏனோ சப்பென்றிருந்தது.

கடைசியில் வீட்டு ஆளையும் கூப்பிட்டுப் பேசுவது அங்கே வழக்கம். நோரீன் வந்து உட்கார்ந்தாள். மேஜைமேல் கிடந்த படத்தைப் பார்த்தாள்: மொட்டை மரம், அதில் சாத்திய ஏணி. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் தோட்டத்தில் ஒரு கட்டளை உண்டு. இறங்குகிறவன் ஏணியைப் படுக்கப்போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். ஏணி நின்று, மேலே ஆளில்லை என்றால், பார்த்தவர் ஏறினவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். அவன் எங்கிருந்தாலும் குரல் கொடுக்க வேண்டும். விழுந்து கிடப்பவனை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். பறிக்க வருகிற ஒவ்வொருவன் காதிலும் இதை ஓதியவர் வெண்டலேதான்.

"ஏணி நிக்குது," என்றாள் நோரீன்.

"படம்தானே, விடு."

"ஏணி நிக்குது, வெண்டல். ஆளு எங்க?"

டெரேசா எதையோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

"வெண்டல்!" தோட்டத்தில் கத்துகிற அதே கத்தல். சின்ன அறை அதிர்ந்தது.

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"கீழ," என்றார். "கீழ கிடக்கேன்."

அவருக்கே பயமாக இருந்தது, சொன்னது தன் குரல்தானா என்று. நோரீன் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். டெரேசா தாளை மெல்ல அவர் பக்கம் திருப்பிவைத்தாள். வெண்டல் பென்சிலை எடுத்தார். ஏணியின் காலடியில், வெறும் வெள்ளைத் தாளில், பென்சில் முனை தொட்டுக்கொண்டு நின்றது.